டிவிக்கு அடியில் கணினியா, கன்சோலா? விலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூடத்தில் பெரிய டிவி இருக்கிறது. அதில் விளையாடுவதற்கு பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் போன்ற கன்சோலை வாங்குவதா, அதே பணத்தில் டிவிக்கு அடியில் அடங்கும் ஒரு சிறிய கேமிங் கணினியை வாங்குவதா? இதைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். விலைகளைப் பெரும்பாலும் அமெரிக்க டாலரில் கொடுத்திருக்கிறேன். இந்தப் போட்டியின் விலைகள் முதலில் அங்கேதான் முடிவாகின்றன. இந்தியக் கணக்குக்குத் தனிக் கேள்வி இருக்கிறது.

கன்சோல் விலைக்கு அதே திறனுள்ள கணினி கிடைக்குமா?

கடையில் பணம் கட்டும் அன்று கிடைக்காது. புதிய பாகங்களை வாங்கி, சிறிய பெட்டிக்குள், அதிகச் சத்தமில்லாமல் ஓடும்படி கட்டினால், கன்சோலைவிடக் கணிசமாகக் கூடுதல் செலவாகும். நான்கைந்து ஆண்டுச் செலவை ஒன்றாகக் கூட்டிப் பார்த்தால் சிலருக்குக் கணினி மலிவாக முடியும். அந்தச் சிலரில் நீங்கள் ஒருவரா என்பதுதான் கேள்வி. "கணினிதான் எப்போதும் லாபம்" என்பவர்களும் "கன்சோலை யாராலும் வெல்ல முடியாது" என்பவர்களும் பாதிக் கணக்கோடு நின்றுவிடுகிறார்கள்.

இரண்டிலும் ஏஎம்டி நிறுவனத்தின் சிப்தானே இருக்கிறது? விலை மட்டும் ஏன் வேறுபடுகிறது?

கன்சோலை விற்பவருக்கு லாபம் கன்சோலில் இல்லை என்பதால். சில கல்யாண மண்டபங்களில் வாடகை குறைவாக இருக்கும். சமையலும் அலங்காரமும் மட்டும் அவர்கள் காட்டும் ஆட்களிடம்தான் கொடுக்க வேண்டும் என்பார்கள். கன்சோல் வியாபாரமும் அதே ஏற்பாடுதான். பிளேஸ்டேஷன் கடையில் விற்கும் ஒவ்வொரு விளையாட்டிலும் சுமார் 30 சதவீதம் சோனிக்குப் போகிறது. இணையத்தில் மற்றவர்களோடு விளையாட வேண்டுமென்றால் அதற்குத் தனிச் சந்தா.

இந்த வருமானம் நிச்சயம் என்பதால்தான் பெட்டியை நஷ்டத்துக்கே விற்கத் துணிகிறார்கள். 2006-இல் வந்த பிளேஸ்டேஷன் 3-ன் 60 ஜிபி மாதிரி 599 டாலருக்கு விற்றது. அதைப் பிரித்துப் பார்த்த ஐசப்ளை என்ற ஆய்வு நிறுவனம், உள்ளிருக்கும் பாகங்களுக்கும் தயாரிப்புக்கும் மட்டுமே சுமார் 840 டாலர் ஆகும் என்று மதிப்பிட்டது. எக்ஸ்பாக்ஸ் கன்சோல் விற்பனையில் மைக்ரோசாஃப்ட் ஒருபோதும் லாபம் பார்த்ததில்லை என்று அந்நிறுவனத்தின் அதிகாரி ஒருவர் 2021 மே மாதம், எபிக் என்ற விளையாட்டு நிறுவனம் ஆப்பிள்மீது தொடுத்த வழக்கில் சாட்சியம் அளித்தார். அடுத்த ஆண்டு, அப்போது எக்ஸ்பாக்ஸ் பிரிவின் தலைவராக இருந்த பில் ஸ்பென்சர், ஒவ்வொரு எக்ஸ்பாக்ஸுக்கும் 100 முதல் 200 டாலர்வரை நஷ்டத்தைத் தாங்கள் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். கிராபிக்ஸ் கார்டு தயாரிப்பவர், மதர்போர்டு தயாரிப்பவர், கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் தயாரிப்பவர் என ஒவ்வொருவரும் தன் லாபத்தை வைத்து விற்கும் கணினிச் சந்தையில் அந்தத் தொகையை யாரும் ஏற்க மாட்டார்கள்.

பொறியியல் காரணம் ஒன்றும் இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை. பிளேஸ்டேஷன் 5-இல் சிபியுவும் கிராபிக்ஸும் ஒரே சிப்பில் இருக்கின்றன. இரண்டுக்கும் பொதுவாக 16 ஜிபி நினைவகம். கணினியில் ரேம் தனி, கிராபிக்ஸ் கார்டில் இருக்கும் நினைவகம் தனி. இன்றைய நிலையில் 16 ஜிபி ரேமும் 8 ஜிபி கிராபிக்ஸ் நினைவகமும் சேர்த்து 24 ஜிபிக்கு நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள்.

கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடையிலும் 30 சதவீதம் எடுக்கிறார்களே? அதை நடத்தும் வால்வ் நிறுவனம் தன் கணினியை நஷ்டத்துக்கு விற்கக் கூடாதா?

நியாயமான கேள்வி. ஸ்டீம் கடையும் 30 சதவீதத்தில்தான் தொடங்குகிறது. 2018 அக்டோபர் முதல், 1 கோடி டாலருக்கு மேல் விற்ற விளையாட்டுக்கு 25 சதவீதமாகவும், 5 கோடியைத் தாண்டினால் 20 சதவீதமாகவும் அது குறைகிறது. ஆகவே பணம் இல்லை என்பது காரணமாகாது. கணினி திறந்த பொருளாக இருப்பதுதான் காரணம்.

மலிவாக விற்ற பெட்டியை வாங்குபவர் அதில் விளையாட்டே வாங்காவிட்டால் என்ன ஆகும்? இது ஏற்கெனவே நடந்திருக்கிறது. பிளேஸ்டேஷன் 3-இல் ஆரம்பத்தில், விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவ முடிந்தது. அமெரிக்க விமானப்படையின் ஆய்வகம் 1,700-க்கும் மேற்பட்ட பிளேஸ்டேஷன் 3 பெட்டிகளை வாங்கி, ஒன்றாகப் பிணைத்து, காண்டர் என்ற மீக்கணினியை 2010-இல் உருவாக்கியது. விளையாட்டு வாங்காத அந்தப் பெட்டிகளால் சோனிக்குப் பின்வருமானம் எதுவும் இல்லை. அதே 2010 ஏப்ரலில் சோனி, பாதுகாப்புக் காரணம் சொல்லி, ஒரு மென்பொருள் புதுப்பிப்பின் மூலம் லினக்ஸ் வசதியையே நீக்கிவிட்டது.

கன்சோல் தயாரிப்பாளர் இப்படிக் கதவைச் சாத்த முடியும். யார் வேண்டுமானாலும் விண்டோஸ் நிறுவலாம், எந்தக் கடையில் வேண்டுமானாலும் விளையாட்டு வாங்கலாம் என்று அனுமதிக்கும் கணினியில் அது முடியாது. பெரிய மானியத்தோடு விற்றால் அலுவலகங்கள் மொத்தமாக வாங்கிக்கொண்டு போகும். வால்வின் கையடக்க விளையாட்டுக் கணினியான ஸ்டீம் டெக் 2022-இல் 399 டாலரில் வந்தது உண்மை. அந்த விலையை எட்டுவது வலி தந்தது என்று வால்வ் தலைவர் கேப் நியூவெல் முன்கூட்டியே சொல்லியிருந்தார். சிறிய திரையோடு வரும் கையடக்கக் கருவியை அலுவலக மேசைக்கு யாரும் வாங்குவதில்லை என்பதால் அங்கே அந்தத் துணிச்சல் சாத்தியமானது என்று நினைக்கிறேன்.

2015-இல் வந்த ஸ்டீம் மெஷின்கள் ஏன் தோற்றன? விலையாலா?

பெரும்பாலும் விலையால், மீதி மென்பொருளால். லினக்ஸில் ஓடும் டிவிக் கணினிகளைப் பல நிறுவனங்கள் மூலம் விற்கும் இந்தத் திட்டத்தை 2013 செப்டம்பரில் வால்வ் அறிவித்தபோது பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. 2014 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் தங்கள் பெட்டிகளைக் காட்டின. மிகக் குறைந்த விலை 499 டாலர். சில மாதிரிகள் ஆயிரக்கணக்கான டாலர்களுக்குப் போயின. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் பிளேஸ்டேஷன் 4, 399 டாலருக்குக் கடைக்கு வந்திருந்தது.

பிறகு தாமதம் தொடங்கியது. காத்திருந்து அலுத்த ஏலியன்வேர் என்ற கணினி நிறுவனம், தன் பெட்டியை 2014-இலேயே விண்டோஸ் போட்டு ஆல்ஃபா என்ற பெயரில் விற்றது. உண்மையான ஸ்டீம் மெஷின்கள் 2015 நவம்பர் 10 அன்று வெளிவந்தபோது நிலைமை இன்னும் மோசமாகியிருந்தது. ஏலியன்வேரின் ஆரம்ப மாதிரி 449 டாலர். அதில் 4 ஜிபி ரேம், மடிக்கணினி ரகக் கிராபிக்ஸ். சுமார் ஒரு மாதம் முன்பு சோனி பிளேஸ்டேஷன் 4-ன் விலையை 349 டாலராகக் குறைத்துவிட்டது. கூடுதலாக நூறு டாலர் கொடுத்தவருக்குக் கிடைத்தது என்ன? லினக்ஸில் ஓடும் விளையாட்டுகள் மட்டும். பல பெரிய விளையாட்டுகள் அதில் இல்லவே இல்லை. இருந்தவற்றில் சில, அதே பெட்டியில் விண்டோஸ் போட்டால் ஓடுவதைவிட மெதுவாக ஓடின.

விலை கூடுதல், பட்டியல் சிறியது, வேகம் குறைவு. இவற்றில் ஒன்றைப் பொறுத்துக்கொண்டிருக்கலாம். மூன்றையும் ஒன்றாகச் சுமத்தியபோது மக்கள் திரும்பிப் பார்க்கவில்லை. 2018-இல் ஸ்டீம் கடையின் முகப்புப் பட்டியலிலிருந்து ஸ்டீம் மெஷின் பக்கத்துக்கான இணைப்பு எடுக்கப்பட்டது.

2025-இல் வால்வ் அறிவித்த புதிய ஸ்டீம் மெஷினில் என்ன மாற்றம்?

மென்பொருள் முதிர்ந்துவிட்டது. 2018 ஆகஸ்டில் வந்த புரோட்டான் என்ற மென்பொருள், விண்டோஸுக்காக எழுதிய விளையாட்டுகளை லினக்ஸில் ஓடவைக்கிறது. ஸ்டீம் டெக்கில் இலட்சக்கணக்கானோர் அதை அன்றாடம் பயன்படுத்துகிறார்கள். 2025 நவம்பர் 12 அன்று அறிவிக்கப்பட்ட புதிய பெட்டி, ஒரு பக்கம் சுமார் 16 செ.மீ. உள்ள கனசதுரம். ஆறு கோர் கொண்ட ஏஎம்டி சிப், 16 ஜிபி ரேம், 8 ஜிபி கிராபிக்ஸ் நினைவகம், 512 ஜிபி அல்லது 2 டிபி சேமிப்பு.

விலைக் கொள்கை மாறவில்லை. அறிவிப்பின்போது விலை சொல்லப்படவில்லை. ஆனால் கன்சோலைப்போல மானியம் கிடையாது, அதே திறனுள்ள கணினியை நாமே கட்டினால் ஆகும் செலவை ஒட்டியே விலை இருக்கும் என்று வால்வ் பொறியாளர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் இந்தப் பெட்டியைக் கன்சோலுக்கு மலிவான மாற்றாக எதிர்பார்ப்பவர்கள் அந்தப் பேச்சை மறுபடி கேட்டுக்கொள்வது நல்லது. எனக்கு உறுத்துவது அந்த 8 ஜிபி கிராபிக்ஸ் நினைவகம். 4கே டிவியில் வைத்து விளையாடும் பெட்டிக்கு அது நெருக்கடியாகத்தான் இருக்கும்.

கன்சோல் விலை ஓரிரு ஆண்டில் குறையும் என்று காத்திருக்கலாமா?

இந்த நம்பிக்கைக்குப் பழைய ஆதாரம் உண்டு. பிளேஸ்டேஷன் 2, 2000-இல் 299 டாலர், 2002-இல் 199, 2004-இல் 149, 2009-இல் 99. சிப் சிறிதாகச் சிறிதாகத் தயாரிப்புச் செலவு இறங்கியது, அந்த மிச்சத்தில் ஒரு பங்கு வாங்குபவருக்கும் வந்தது.

அந்தக் காலம் முடிந்துவிட்டது. பிளேஸ்டேஷன் 5-ன் டிஸ்க் மாதிரி 2020-இல் அமெரிக்காவில் 499 டாலர். ஐந்து ஆண்டு கழித்து, 2025 ஆகஸ்டில், 549 டாலர். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 499-இல் தொடங்கி 2025-இல் இரண்டு முறை உயர்ந்து 649 டாலரை எட்டியது. 299 டாலருக்கு வந்த சீரிஸ் எஸ் கூட 399 ஆனது. ஐந்து வயதான ஒரு மின்னணுக் கருவி புதிதாக வந்ததைவிடக் கூடுதல் விலைக்கு விற்பதை வாங்குபவர்கள் சாதாரணமாக ஏற்றுக்கொள்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கணினிப் பக்கம் போனால் தப்பிக்கலாம் என்றால், அங்கேயும் நெருப்பு. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025-இன் இறுதியில் ரேம் விலை தாறுமாறாக ஏறியது. அந்த டிசம்பரில், நினைவகச் சிப் தயாரிக்கும் மைக்ரான் நிறுவனம், சாதாரண வாடிக்கையாளர்களுக்கான குரூஷியல் வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தது. 16 ஜிபியில் முடித்துக்கொள்ளும் கன்சோலைவிட, 24 ஜிபி கேட்கும் கணினியை இந்த விலையேற்றம் அதிகமாகத் தாக்குகிறது.

ஐந்து ஆண்டுக் கணக்கைப் போட்டுக் காட்ட முடியுமா?

மேலே சொன்ன 2025 ஆகஸ்டு அமெரிக்க விலைகளில் போடுவோம். பிளேஸ்டேஷன் 5, 550 டாலர். இணைய ஆட்டத்துக்கான அடிப்படைச் சந்தா 2023 செப்டம்பர் முதல் ஆண்டுக்கு 80 டாலர். ஐந்து ஆண்டுக்கு 400. ஒரு விளையாட்டும் வாங்காமலே 950 டாலர் ஆகிவிட்டது. கணினியில் இணையத்தில் விளையாடச் சந்தா இல்லை. ஆகவே இணையான கணினி 900 டாலருக்கு அமைந்தால், இணையத்தில் தொடர்ந்து விளையாடுபவருக்குக் கணினியே சிறிது முந்துகிறது. விளையாட்டு ஒன்றுக்குச் சராசரியாக 10 டாலர் மிச்சமானால், ஆண்டுக்கு ஆறு வாங்குபவருக்கு மேலும் 300 டாலர் மிஞ்சும். ஸ்டீமின் கோடைகாலத் தள்ளுபடியையும் எபிக் கடை 2018 முதல் கொடுத்துவரும் இலவச விளையாட்டுகளையும் பயன்படுத்துபவருக்கு அந்தச் சராசரி கைக்கெட்டியதுதான்.

இதே கணக்கைத் தலைகீழாக்கவும் முடியும். தனியாகக் கதை விளையாட்டுகளை மட்டும் விளையாடுபவருக்குச் சந்தாவே தேவையில்லை. 400 டாலர் அப்படியே கழிந்துவிடும். ஃபோர்ட்நைட் போன்ற இலவச விளையாட்டுகளுக்கும் பிளேஸ்டேஷனில் சந்தா கேட்பதில்லை. எக்ஸ்பாக்ஸும் 2021 ஏப்ரலில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. ஆக, நாள் முழுவதும் ஃபோர்ட்நைட் ஒன்றையே விளையாடும் பிள்ளைக்குக் கன்சோல்தான் மலிவு, அதில் சந்தேகமே வேண்டாம்.

டிஸ்க்கையும் மறக்காதீர்கள். 70 டாலருக்கு வாங்கிய டிஸ்க்கை முடித்ததும் விற்கலாம், நண்பரிடம் மாற்றிக்கொள்ளலாம். ஸ்டீமில் வாங்கியதை விற்க முடியாது. டிஸ்க் இல்லாத கன்சோலை 50 டாலர் குறைவு என்று வாங்குபவர்கள் இந்த வழியைத் தாங்களே அடைத்துக்கொள்கிறார்கள். அந்த மாதிரியை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. கணினிக்குச் சாதகமாக ஒன்று: பத்துப் பதினைந்து ஆண்டுக்கு முன் ஸ்டீமில் வாங்கிய விளையாட்டுகளில் பெரும்பாலானவை இன்றைய கணினியிலும் ஓடும். பிளேஸ்டேஷன் 3 டிஸ்க்கை 5-இல் போட்டால் ஓடாது.

கணினிக்கான பட்டியலில் மக்கள் எதை விட்டுவிடுகிறார்கள்?

கன்ட்ரோலரை. விண்டோஸ் உரிமத்தை. சிறிய பெட்டிக்கான கூடுதல் விலையை. மேசைக்கு அடியில் வைக்கும் பெரிய பெட்டி மலிவு. டிவி அலமாரிக்குள் நுழையும் அளவில் வேண்டுமென்றால் மினி ஐடிஎக்ஸ் என்ற சிறிய அளவு மதர்போர்டு, குட்டி எஸ்எம்பிஎஸ், உயரம் குறைந்த குளிர்விப்பான் எல்லாவற்றுக்கும் விலை ஏறும். இணையத்தில் சுற்றும் "கன்சோலைக் கொல்லும் கணினி" பட்டியல்கள் பலவற்றில் இது இருக்காது. கூடத்தில் வைக்கும் பெட்டிக்கு அளவும் சத்தமும் முக்கியம். அதைக் கணக்கில் சேர்க்காத ஒப்பீடு எதையும் ஒப்பிடவில்லை.

பணமாகத் தெரியாத சில்லறைத் தொல்லைகளும் உண்டு. கன்ட்ரோலர் பொத்தானை அழுத்தினால் கன்சோலோடு டிவியும் விழித்துக்கொள்ளும். வழக்கமான கிராபிக்ஸ் கார்டுகளில் அந்த எச்டிஎம்ஐ வசதி இல்லை. விண்டோஸ் நடுவில் ஒரு பெட்டியைத் திறந்து எதையாவது கேட்டால், சோபாவிலிருந்து எழுந்து மவுஸைத் தேட வேண்டும். விண்டோஸுக்குப் பதில் வால்வின் லினக்ஸ் இயங்குதளமான ஸ்டீம் ஓஎஸ் போட்டால் இவற்றில் பெரும்பகுதி தீரும், விண்டோஸ் உரிமத்தின் செலவும் மிச்சம்.

அப்படியானால் எல்லோரும் ஸ்டீம் ஓஎஸ்ஸே போட்டுவிடலாமே?

நீங்கள் விளையாடுவது எது என்று முதலில் பாருங்கள். ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளை இயங்குதளத்தின் ஆழத்தில் பதிக்கும் விளையாட்டுகள் லினக்ஸில் ஓடாது: ஃபோர்ட்நைட், வாலரன்ட், பேட்டில்ஃபீல்ட் 6. ஜிடிஏ ஆன்லைன் ஸ்டீம் டெக்கில் ஓடிக்கொண்டிருந்தது. 2024 செப்டம்பரில் புதிய தடுப்பு வந்ததும் நின்றுவிட்டது. இவை உங்கள் வீட்டில் அன்றாட விளையாட்டுகள் என்றால் விண்டோஸ் அல்லது கன்சோல்தான்.

வீட்டில் ஏற்கெனவே கணினி இருந்தால்?

அப்போது கேள்வியே மாறிவிடுகிறது. வேலைக்கோ படிப்புக்கோ எப்படியும் ஒரு கணினி வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், அதன் முழு விலையையும் விளையாட்டின் தலையில் கட்டுவது தவறு. கிராபிக்ஸ் கார்டுக்கும் கொஞ்சம் பெரிய எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் ஆகும் கூடுதல் செலவை மட்டும் கன்சோல் விலையோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் கணினி வென்றுவிடும்.

கணினி வேறு அறையில் இருந்தாலும் பரவாயில்லை. கணினியில் ஓடும் விளையாட்டை டிவிக்குக் கொண்டுவரும் ஸ்டீம் லிங்க் செயலி ஆண்ட்ராய்டு டிவிகளில் இலவசமாகக் கிடைக்கிறது. கணினியை ரவுட்டரோடு கேபிளில் இணைத்துவிட்டால், கதை விளையாட்டுகளுக்கு இது போதும். கண்ணிமைக்கும் நேரம் முக்கியமான சண்டை விளையாட்டுகளுக்குத் திருப்தி தராது; அதற்கு நீளமான எச்டிஎம்ஐ கேபிளே மேல்.

இந்தியாவில் இந்தக் கணக்கு மாறுமா?

மாறும், இரண்டு திசையிலும். பிளேஸ்டேஷன் 5 இங்கே 2021 பிப்ரவரி 2 அன்று 49,990 ரூபாய்க்கு வந்தது. 499 டாலர் அன்றைய மாற்று மதிப்பில் 37,000 ரூபாயைக்கூடத் தொடவில்லை. கணினிப் பாகங்களும் இதேபோல் அமெரிக்க விலையைவிட ஏறித்தான் இங்கு வந்து சேர்கின்றன. சோனியின் சொந்த விளையாட்டுகள் 4,999 ரூபாய் என்று தொடங்கியபோது பலருக்கும் மூச்சு முட்டியது. ஸ்டீம் 2015 முதல் ரூபாயில் விற்கிறது. பல நிறுவனங்கள், முக்கியமாகச் சிறிய தயாரிப்பாளர்கள், இந்தியாவுக்கென்று குறைந்த விலை வைக்கிறார்கள். அந்த வகையில் இந்தியாவில் கணினிக்குச் சாதகம் கூடுதல். ஆனால் பிளேஸ்டேஷன் சந்தாவும் அமெரிக்காவைவிட இங்கே குறைவு, பழைய டிஸ்க் கைமாறும் சந்தையும் இருக்கிறது. ஸ்டீம் டெக்கை வால்வ் இந்தியாவில் நேரடியாக விற்றதில்லை. வெளியிலிருந்து வரவழைத்து விற்பவர்களிடம் வாங்கினால் விலையும் கூடும், உத்தரவாதமும் இருக்காது.

பழைய அலுவலகக் கணினியை வாங்கி கிராபிக்ஸ் கார்டு போட்டால் மலிவாக முடியுமா?

கன்சோல் விலையை உண்மையிலேயே நெருங்கும் ஒரே வழி இதுதான். 2014 பிப்ரவரியில் 149 டாலருக்கு வந்த ஜிடிஎக்ஸ் 750 டிஐ கார்டுக்குத் தனி மின் இணைப்பே வேண்டியதில்லை. கழித்துக்கட்டிய அலுவலகக் கணினியில் அதைச் செருகியவர்கள் பிளேஸ்டேஷன் 4-க்குக் கிட்டத்தட்ட இணையாக விளையாடினார்கள். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் இத்தகைய பழைய கணினிகள் இன்றும் கிடைக்கின்றன.

இன்றைய கன்சோலைப் பிடிக்க அந்த வித்தை போதாது. மதர்போர்டின் ஸ்லாட் தரும் 75 வாட்டில் ஓடும் கார்டுகள் பிளேஸ்டேஷன் 5-ஐ எட்டாது. 1080பி டிவியில் கொஞ்சம் பழைய விளையாட்டுகளை விளையாட நினைப்பவருக்கு அவையே தாராளம். அதற்கு மேல் போக விரும்பினால், கணினியை வாங்குமுன் மூடியைக் கழற்றி எஸ்எம்பிஎஸ்ஸைப் பாருங்கள். பெரிய நிறுவனங்களின் அலுவலகக் கணினிகள் பலவற்றில் எஸ்எம்பிஎஸ்ஸின் வடிவமும் மதர்போர்டுக்குப் போகும் இணைப்பும் அந்த நிறுவனத்துக்கே உரியவை. கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் அதில் பொருந்தாது. கார்டுக்காக எஸ்எம்பிஎஸ், அதற்காக மதர்போர்டு, அதற்காகப் பெட்டி என்று மாற்ற வேண்டிவந்தால், பழையதை வாங்கியதில் மிஞ்சிய பணம் அங்கேயே தீர்ந்துவிடும்.